கேட்டால் கிடைக்கட்டும்

இந்த அறக்கட்டளைப் பொழிவில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் நடத்தையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எதிரே பெற்றோர் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். சிறப்பாசிரியர்களும் இருக்கிறீர்கள். உங்களில் சிலர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வைத்துவிட்டு, கைப்பேசியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதையும் பார்க்கிறேன். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பெற்றோர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இதை எப்படி நிறுத்துறது?" பையன் தலையைச் சுவரில் மோதுகிறான், மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறான், தங்கையின் முடியைப் பிடித்து இழுக்கிறான், சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிகிறான். கேள்வி நியாயமானது. ஆனால் இன்னொன்றைக் கேட்காமல் அதற்கு விடை கிடைக்காது. அப்படிச் செய்வதால் அவனுக்கு என்ன கிடைக்கிறது? இன்றைய பேச்சு முழுக்க இந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

எதைப் பற்றிப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, விளம்பர வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது, பொம்மைகளை வரிசையாக அடுக்குவது, இவை எதையும் நான் நடத்தைச் சிக்கல் என்று சொல்லவில்லை. இவற்றால் யாருக்கும் காயமில்லை. பல குழந்தைகளுக்கு இவைதான் ஆறுதல். பார்க்கிறவர்களுக்குச் சங்கடம் என்பதற்காக ஒரு குழந்தையின் ஆறுதலைப் பிடுங்க நமக்கு உரிமையில்லை. நான் பேசுவது குழந்தையின் உடம்பிலோ பிறர் உடம்பிலோ காயம் உண்டாக்கும் நடத்தையைப் பற்றி. அவனைப் பள்ளியிலிருந்தும் உறவினர் வீட்டிலிருந்தும் வெளியே தள்ளிவிடும் நடத்தையைப் பற்றி.

ஒரு செயலுக்குப் பின்னால் வரும் பலன் அந்தச் செயலை மறுபடி வரவைக்கும் என்பதை பி.எஃப். ஸ்கின்னர் 1930களில் ஆய்வுக்கூடத்தில் எலிகளை வைத்து விரிவாக ஆராய்ந்தார். இதற்கு வலுவூட்டல் என்று பெயர். லியோ கானர் 11 குழந்தைகளை விவரித்து ஆட்டிசம் பற்றிய தன் கட்டுரையை வெளியிட்டது 1943இல். இந்த இரண்டு ஓடைகளும் ஒன்று சேர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. அப்படிச் சேர்ந்த ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். 1964இல் மாண்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி, ஹெய்டன் மீஸ் என்ற மூவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து மனநல மருத்துவமனை ஒன்றில் இருந்த மூன்றரை வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார்கள். கண்புரைக்காக அவன் கண்ணின் வில்லைகளை எடுத்திருந்தார்கள். கண்ணாடி போடாவிட்டால் பார்வை போய்விடும். அவனோ கண்ணாடியைக் கிட்டேயே வரவிட மாட்டான். அழுகை, தலைமோதல், தன்னைத்தானே அறைந்துகொள்ளல் எல்லாம் இருந்தன. முதலில் கண்ணாடி இல்லாத வெறும் பிரேம்களை அறையில் போட்டு வைத்தார்கள். அவன் ஒன்றைத் தொட்டால் சாப்பிட ஏதாவது ஒரு துண்டு. பிறகு கையில் எடுத்தால், பிறகு தூக்கிக்கொண்டு நடந்தால், பிறகு கண்ணருகே கொண்டுவந்தால் என்று படிப்படியாக நகர்ந்தார்கள். வீடு திரும்பும் காலத்தில் அவன் நாளுக்குச் சுமார் 12 மணி நேரம் கண்ணாடி அணிந்திருந்தான். ஒரு குழந்தையின் கண்ணைக் காத்த வேலை அது. ஆனால் அந்தத் துண்டுகள் போதாமல் போனபோது அவனுடைய காலை உணவையே பரிசாக்கினார்கள். அதை இன்று யாரும் செய்யக்கூடாது. சாப்பாடு குழந்தையின் உரிமை. அதைக் கூலியாக்கக் கூடாது.

இந்தத் துறையின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான பக்கங்கள் உண்டு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஐவார் லோவாஸ் வலுவூட்டல் முறையை ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் தீவிரமாகக் கையாண்டார். அவரைப் பற்றி 1965இல் லைஃப் இதழில் வந்த படக்கட்டுரையில் அன்போடு அறையும் இருந்தது, கத்தலும் இருந்தது, மின்அதிர்ச்சியும் இருந்தது. 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்றக் குழந்தைகளைப் போலவே படிப்பில் தேறினார்கள் என்றது அது. அந்தப் பயிற்சியில் தொடையில் அடிப்பதும் ஓர் உத்தியாக இருந்தது என்பது அந்தப் புகழில் மறைந்துபோனது. நம் ஊரில் சில தெரபி மையங்கள் அந்த 40 மணி நேரக் கணக்கை மட்டும் பெற்றோரிடம் சொல்கின்றன. அதற்கான கட்டணத்தைக் கேட்டு, நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இந்தப் பயிற்சியில் வளர்ந்த ஆட்டிசம் உள்ளவர்களே பெரியவர்களான பின் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். கையை அசைக்காதே, கண்ணைப் பார், சொன்னதைச் செய் என்று பரிசு காட்டிப் பழக்கியது தங்களுக்குள் என்ன செய்தது என்று சொல்கிறார்கள். இந்த மேடையில் வலுவூட்டலை ஆதரித்துப் பேசும் எனக்கு அவர்களைக் கேட்கும் கடமை இருக்கிறது. கேட்ட பிறகும் அதை ஆதரிக்கிறேன் என்றால், 1970களின் பிற்பாதியிலிருந்து இத்துறை கேள்வியையே மாற்றிக்கொண்டது என்பதால்தான்.

மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் எட்வர்ட் கார். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நடத்தைக்குப் பின்னால் பலவகைத் தூண்டுதல்கள் இருக்கலாம் என்று 1977இல் அவர் தொகுத்து எழுதினார். ஒருவன் கவனத்துக்காகச் செய்கிறான். இன்னொருவன் வேண்டாத வேலையிலிருந்து தப்பிக்கச் செய்கிறான். வேறொருவனுக்கு அந்த உணர்வே வேண்டியிருக்கிறது. 1982இல் பிரையன் ஐவாட்டாவும் உடன் பணியாற்றியவர்களும் பால்டிமோரில் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி கண்டார்கள். சூழலை மாற்றி மாற்றி அமைத்து ஒவ்வொன்றிலும் 15 நிமிடம் கவனித்தார்கள். ஒன்றில் பெரியவர் ஏதோ படித்துக்கொண்டிருப்பார். குழந்தை தன்னை அடித்துக்கொண்டால் மட்டும் தோளைத் தொட்டு, "வேண்டாம், வலிக்கும்" என்பார். இன்னொன்றில் பாடம் நடக்கும். அடித்துக்கொண்டால் பாடம் அரை நிமிடம் நிற்கும். ஒன்றில் குழந்தை தனியே இருக்கும். ஒன்றில் விளையாட்டு, கட்டளை ஏதும் கிடையாது. அந்த ஒன்பது பேரில் ஆறு பேரிடம் காயப்படுத்திக்கொள்ளல் ஏதோ ஒரு குறிப்பிட்ட சூழலில்தான் கூடியது. 1994இல் இப்படி 152 பேரை ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டார்கள். சுமார் 38 விழுக்காட்டினர் எதிலிருந்தோ தப்பிக்கவும், 26 விழுக்காட்டினர் கவனத்துக்கோ பொருளுக்கோ, ஏறத்தாழ அதே அளவினர் யாருடைய பதிலும் தேவைப்படாத உள்காரணத்துக்காகவும் அதைச் செய்தார்கள்.

இந்த 38 விழுக்காட்டைக் கொஞ்சம் யோசியுங்கள். பிள்ளை கடித்தால் நாம் என்ன செய்கிறோம்? "போ, மூலையில் போய் நில்" என்று வகுப்பிலிருந்து வெளியே அனுப்புகிறோம். எழுத்துப்பயிற்சியிலிருந்து தப்பிக்கக் கடிக்கிற பிள்ளைக்கு மூலை தண்டனையா? அவன் கேட்டதை அப்படியே கையில் கொடுத்திருக்கிறோம். நாளைக்கும் கடிப்பான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவனை வெளியே அனுப்பியதும் அலறல் நிற்கிறது, வகுப்பு அமைதியாகிறது. ஆசிரியைக்கு அப்பாடா என்றிருக்கிறது. அந்த நிம்மதி அவருக்குக் கிடைத்த பலன். அதனால் அவரும் நாளைக்கு இன்னும் சீக்கிரமாகவே அனுப்பிவிடுவார். பிள்ளை ஆசிரியைக்குப் பாடம் நடத்துகிறான், ஆசிரியை பிள்ளைக்கு. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இருவருமே வேதனையிலிருந்து விலகத்தான் பார்க்கிறார்கள்.

வீட்டில் இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பள்ளிக் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தான், பின்னால் என்ன ஆனது. ஓர் அம்மா எழுதிய பக்கம் இப்படி இருந்தது. மாலை நாலரை, வேனிலிருந்து இறங்கினான், நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன், கன்னத்தில் அறைந்துகொண்டான், போனை வைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டேன். ஐந்தே கால், குக்கர் வைத்தேன், விசில் வரும் முன்பே மணிக்கட்டைக் கடித்தான். கூடத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். ஏழு மணி, பக்கத்து வீட்டக்கா வந்தார், வாசலில் நின்று பேசினோம், மறுபடி அறை, அக்கா கிளம்பிவிட்டார். "அவனுக்குக் கோபம் ஜாஸ்தி" என்றுதான் அந்த அம்மா அதுவரை சொல்லிவந்தார். ஒரு வாரத்துப் பக்கங்களை ஒன்றாகப் பார்த்தபோது இரண்டு தனித்தனிக் கதைகள் தெரிந்தன. அம்மாவின் முகம் வேறு பக்கம் திரும்பும்போது வரும் அறை ஒன்று. குக்கர் விசிலுக்கு முன்னால் வரும் கடி இன்னொன்று. முதலாவதற்கு அம்மா வேண்டும். இரண்டாவதற்குச் சத்தம் வேண்டாம். இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் எப்படிப் பலிக்கும்?

நோட்டில் எந்தக் கதையும் தெரியவில்லை, திடீரென்று ஒரு வாரமாகத்தான் இப்படி என்றால், முதலில் மருத்துவரிடம் போங்கள். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், தூக்கமின்மை, வயதுக்கு வந்த பெண்களுக்கு மாதவிடாய் வலி. பேச்சு வராத குழந்தைக்குத் தாடையில் அடித்துக்கொள்வதைத் தவிர பல்வலியைச் சொல்ல வேறு வழி தெரியாமல் இருக்கலாம். வலிக்கும் பல்லுக்கு எந்த வலுவூட்டலும் ஈடாகாது.

காரணம் தெரிந்த பின் என்ன செய்வது? இங்கேதான் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு வருகிறது. 1985இல் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு குழந்தைகளோடு வேலை செய்தார்கள். பாடம் கடினமாக இருப்பதால் அடம்பிடிப்பவருக்கு, "எனக்குப் புரியலை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். சொன்னால் ஆசிரியர் உதவுவார். யாரும் தன்னைப் பார்க்காததால் அடம்பிடிப்பவருக்கு, "நான் நல்லாச் செய்றேனா?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். கேட்டால் ஆசிரியர் பாராட்டுவார். சிக்கல் நடத்தை பெருமளவு குறைந்தது. அவர்கள் அத்தோடு நிற்கவில்லை என்பதுதான் ஆய்வின் சிறப்பு. பாடம் கடினமாக இருந்தவருக்குப் பாராட்டுக் கேட்கும் வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். பேச்சு வந்தது, நடத்தை குறையவில்லை. ஆக, பேசக் கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது. எதற்காகக் கடிக்கிறானோ அதையே கேட்டு வாங்கும் வார்த்தையாக அது இருக்க வேண்டும்.

வார்த்தை என்றால் வாயால்தான் வர வேண்டும் என்பதில்லை. பட அட்டை, கைச்சைகை, டேப்லெட்டில் ஒரு பொத்தான், எதுவானாலும் சரி. ஆனால் அது கடிப்பதைவிடச் சுலபமாக இருந்தாக வேண்டும். "மிஸ், எனக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும்" என்று முழு வாக்கியம் சொன்னால்தான் விடுவேன் என்று காத்திருந்தால், அவன் பழைய வழிக்கே போவான். அது ஒரு நொடியில் வேலை செய்கிறதே. ஓய்வு அட்டையைத் தொட்டான், புத்தகம் மூடப்பட்டது. அந்த வேகம் வேண்டும். முதல் நாள்களில் ஒவ்வொரு முறையும் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் இருபது முறை கேட்டாலும் இருபது முறையும் கொடுங்கள். பெற்றோர் இங்கே பதறுவார்கள்: "அப்புறம் படிக்கவே மாட்டானே!" கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் படித்துக்கொண்டா இருந்தான்? கேட்டால் கிடைக்கும் என்று அவன் முதலில் நம்பட்டும். படிப்பை அதன் பிறகு மெல்ல உள்ளே கொண்டுவரலாம். ஒரு வரி எழுதினால் ஓய்வு, பிறகு இரண்டு வரி. முதலில் இது, அப்புறம் அது என்று இரண்டு படங்களை அடுத்தடுத்துக் காட்டினால் பல குழந்தைகள் புரிந்துகொள்கிறார்கள். பிடித்ததைப் பிடிக்காததற்குப் பின்னால் வைத்தால் பிடிக்காததும் நடக்கும் என்று டேவிட் பிரிமாக் 1959இல் எழுதியதன் வீட்டு வடிவம்தான் இது. அவருக்கு வெகு காலம் முன்பே நம் பாட்டிகள், "குளிச்சிட்டு வா, அதிரசம் தர்றேன்" என்று சொல்லி வந்திருக்கிறார்கள்.

காத்திருக்கவும், "இல்லை" என்பதைத் தாங்கவும் தனியே கற்றுக்கொடுக்க வேண்டும். கிரெகரி ஹான்லியும் குழுவினரும் 2014இல் மூன்று குழந்தைகளோடு செய்த வேலை இதற்கு நல்ல வழிகாட்டி. முதலில் குழந்தை கேட்கக் கற்கிறது. அடுத்து, சில சமயம் "கொஞ்சம் இரு" என்று பதில் வருகிறது. அதற்கு அமைதியாக "சரி" என்றால் உடனே கிடைக்கிறது. பிறகு அந்தச் சரிக்குப் பின் ஒரு சிறு வேலை, அப்புறம் கொஞ்சம் பெரிய வேலை. நடுநடுவே, எதிர்பாராத நேரத்தில், கேட்டவுடனே கொடுத்துவிடுவார்கள். அதனால் கேட்பதில் உள்ள நம்பிக்கை அவனுக்குத் தேயாது.

கேட்கும் முன்பே கொடுப்பதும் ஓர் உத்தி. டிமோத்தி வோல்மர் முதலானோர் 1993இல் காட்டியது இது. கவனத்துக்காக அடித்துக்கொள்பவருக்கு, அடித்தாலும் அடிக்காவிட்டாலும், கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த இடைவெளியில் கவனம் கொடுத்தார்கள். அடிக்க வேண்டிய தேவையே குறைந்தது. நோட்டு எழுதிய அந்த அம்மா செய்ததும் இதுதான். வேன் வந்ததும் போனை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். கால் மணி நேரம் திண்ணையில் அவனோடு. குக்கருக்கோ வலுவூட்டல் எதுவும் தேவைப்படவில்லை. அவன் மாடியில் அப்பாவோடு இருக்கும்போது வைத்தார்கள்; மற்ற நேரத்துக்குக் காதை மூடும் ஹெட்போனும், அதைக் கேட்க ஒரு படமும் கொடுத்தார்கள்.

எது பரிசு என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. பெரும்பாலான மையங்களில் ஒரு டப்பாவில் ஜெம்ஸ் மிட்டாய் வைத்திருக்கிறார்கள், எல்லாப் பிள்ளைக்கும் அதே. ஒரு பையனுக்கு எவர்சில்வர் மூடியைத் தரையில் சுழல விடுவதுதான் சொர்க்கம். இன்னொருத்திக்கு மின்விசிறி ரெகுலேட்டர். வேறொருவனுக்குப் பேருந்து வழித்தட எண்களை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். நாலைந்து பொருளை முன்னால் வைத்து, எதை எடுக்கிறான், எதில் தங்குகிறான் என்று பாருங்கள். சிலர் அவனுக்கு ஆறுதலான அந்த மூடியையே பூட்டி வைத்து, வேலை செய்தால்தான் தருவேன் என்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. கூடுதலாக எதையாவது சேர்த்துக் கொடுங்கள். இருப்பதை எடுத்துப் பணயமாக வைக்காதீர்கள்.

கல்யாண மண்டபத்தில் நடப்பதைச் சொல்லியாக வேண்டும். பிள்ளை போன் கேட்கிறான். இல்லை என்கிறோம். சத்தம் போடுகிறான். இல்லை. தரையில் புரள்கிறான். சுற்றிலும் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். சித்தி வந்து, "குடுத்துத் தொலையேன்டி, மானம் போகுது" என்கிறார். கொடுத்துவிடுகிறோம். இதில் அவன் கற்றது, புரளும் வரை விடாமல் முயல வேண்டும் என்பது. எப்போதாவது மட்டும் பலன் தரும் நடத்தைதான் எல்லாவற்றையும்விடப் பிடிவாதமாக நிலைக்கும் என்று ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் பலன் வழங்கும் கால ஒழுங்குகளைப் பற்றி 1957இல் எழுதிய நூலிலிருந்து தெரியும். கொடுக்கத்தான் போகிறோம் என்றால் முதல் முறை கேட்டபோதே, அமைதியாகக் கேட்டபோதே, கொடுத்துவிடுவது மேல். அந்தச் சித்தியையும், வீட்டுப் பாட்டி தாத்தாவையும் இதில் கூட்டாளியாக்க வேண்டும். நோட்டை அவர்களுக்கும் காட்டுங்கள். அட்டையைத் தொட்டவுடன் கொடுக்கும் உரிமையைப் பாட்டியிடமே விடுங்கள். கொடுக்கும் ஆசையும் அவருக்கு நிறைவேறும், பிள்ளைக்கும் கேட்கும் வழி பலப்படும்.

"கண்டுக்காம விட்டா தானா நின்னுடும்" என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், அதைத் தனியாகச் செய்து பார்க்காதீர்கள். பலன் நின்றவுடன் நடத்தை முதலில் ஏறலாம். டோரதியா லெர்மனும் ஐவாட்டாவும் 1995இல் 113 பதிவுகளை ஆராய்ந்தார்கள். பலனை நிறுத்துவது ஒன்றை மட்டும் செய்த இடங்களில் 36 விழுக்காட்டில் இந்த ஏற்றம் இருந்தது. வேறு முறைகளையும் சேர்த்துச் செய்த இடங்களில் 12 விழுக்காடு. சுவரில் தலை மோதும் குழந்தையிடம் அந்த ஏற்றத்தைக் கண்டுகொள்ளாமல் இருப்பது எந்தத் தாயாலும் ஆகாது, ஆகவும் கூடாது. ஓடிப்போய்க் கையைக் குறுக்கே வையுங்கள், தலையணை வையுங்கள். பேச்சையும் முகபாவத்தையும் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். காயம் கடுமையாக இருந்தால் பயிற்சி பெற்ற உளவியலாளர் உடனிருக்க வேண்டும். சில குழந்தைகளுக்கு மருந்தும் தேவைப்படும். கடும் எரிச்சலுக்கென ரிஸ்பெரிடோன் 2006இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உடல் எடை கூடுவது உள்ளிட்ட விளைவுகள் அதற்கு உண்டு. மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே அது.

அடி பற்றி ஒரு வார்த்தை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைகளுள் ஒன்றாக ஏற்கிறது. இருந்தும், "சும்மா ஒரு தட்டு தட்டினாத்தான் கேக்குறான் சார்" என்று என்னிடம் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. தட்டினால் அந்த நொடி நிற்கிறது என்பது உண்மை. ஆனால் அவனுக்கு வேண்டியது எதுவோ அது இன்னும் கிடைக்கவில்லை. அதைக் கேட்கவும் அவன் இன்னும் கற்கவில்லை. கூடவே, பெரியவர் கை ஓங்கினால் அடங்க வேண்டும் என்று கற்றுவிட்டான். பேச்சு வராத குழந்தை நாளை ஒரு தவறான ஆளிடம் மாட்டினால் அந்தப் பாடம் அவனை என்ன செய்யும்? அதனால்தான் "வேண்டாம்" என்ற அட்டை ஒவ்வொரு குழந்தையிடமும் இருக்க வேண்டும் என்கிறேன். அவன் அதைக் காட்டும்போது, முடிந்த இடத்திலெல்லாம், நாம் நிறுத்த வேண்டும். ஊசி போடுவது, சாலையைக் கடப்பது போன்ற சில இடங்களில் முடியாது. அங்கே முடியாது என்று சொல்லி, சீக்கிரம் முடித்து, கூட இருங்கள்.

கடைசியாகப் பள்ளி மாற்றம் பற்றி. வீட்டில் ஆறு மாதமாகக் கடி இல்லை, ஜூனில் புதுப் பள்ளி, முதல் வாரத்திலேயே கடி திரும்பிவிட்டது, எல்லாம் வீணாகிவிட்டது என்று அழுதுகொண்டு வருவார்கள். வீணாகவில்லை. புது வகுப்பில் அவன் அட்டையைத் தொட்டிருப்பான். அதன் பொருள் யாருக்கும் தெரிந்திருக்காது. புது வழி அடைபட்டால் பழைய வழி திரும்பும். ஆகவே மே மாதத்திலேயே அந்தப் பள்ளிக்குப் போங்கள். நோட்டின் ஒரு பக்கத்தையும் அட்டைகளின் இரண்டாவது தொகுப்பையும் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். எந்த அட்டைக்கு என்ன பதில், எவ்வளவு சீக்கிரம் என்பதை எழுதிக் கொடுங்கள். வகுப்பாசிரியரோடு நிறுத்திவிடாதீர்கள். ஆயாம்மாவுக்கும் வேன் ஓட்டுநருக்கும் சொல்லுங்கள். காலையில் அவனை முதலில் பார்ப்பவர் ஓட்டுநர்தான். அவன் காட்டும் முதல் அட்டையும் அவரிடம்தான் வரும்.